கதவைத் திறக்காதே, நான் வந்துகொண்டிருக்கிறேன்

கவிதை எழுதுகிறவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும் கம்பெனிகள் வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கட்டித் தொங்கவிடுவது நல்லது. என்னை வைத்துக்கொண்ட கம்பெனி அதைச் செய்யவில்லை. கார்டைக் காட்டினால் திறக்கும் கண்ணாடிக் கதவு, உள்ளே பிளாஸ்டிக் புல்தரை, புல்தரைமேல் மூட்டைபோல் கிடக்கும் நாற்காலிகள். இவ்வளவையும் நம்பி என்னை உள்ளே விட்டுவிட்டார்கள்.

நான் வசன கவிதை எழுதுகிறவள். (வரியை உடைக்கச் சோம்பல்பட்டவர்கள் எழுதும் கவிதை என்பது என் கணவர் முருகேசன் அதற்குத் தரும் விளக்கம். மத்திய சர்க்கார் ஊழியர். எதையும் கோப்பின் ஓரத்தில் ஒற்றை வரியாக எழுதிப் பழகியவர்.) என் ஒரே புத்தகம் வெளிவந்தபோது டெல்லித் தமிழர்கள் அதை அன்போடு வாங்கிக்கொண்டார்கள். படித்தார்களா என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லி என்னைக் கலவரப்படுத்தவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தாறு வயதில் ஜனக்புரியில் ஓர் ஆன்லைன் மார்க்கெட்டிங் கம்பெனியில் வேலை கிடைத்தது. யாரோ எதையோ விற்கிறார்கள். அதை வாங்கச் சொல்லி ஜனங்களின் போனைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். டிங் என்று ஒன்று அடித்து, எடுத்துப் பார்த்தால் தள்ளுபடி என்று இருக்குமே, அந்த டிங்குக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள் என்று நீங்கள் நினைத்திருக்கமாட்டீர்கள். தமிழ் டிங் எல்லாம் நான்தான். இந்தியில் வரும் வரியைத் தமிழில் போட்டுத் தரவேண்டும். அந்த மாடி முழுவதிலும் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் நான்.

அந்த அலுவலகம் மின்சாரத்தில் ஓடவில்லை, பயத்தில் ஓடியது. சுவரில் ஒரு பெரிய திரை. எங்கள் செய்திகளை எத்தனை பேர் தொட்டுத் திறந்தார்கள் என்ற எண் அதில் ஏறும், இறங்கும். இறங்கும்போது யாரும் டீ குடிக்க எழமாட்டார்கள். இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள், காதில் கடுக்கன், கையில் காபி, கண்ணில் மட்டும் பரீட்சை ஹாலில் வினாத்தாளைத் திருப்பும் நேரத்துப் பீதி. அவர்கள் நடுவில் நான் காட்டன் புடவையில், யாரோ ஒருவரைத் தேடி வந்த அத்தைபோல.

என் மேனேஜர் நேஹாவுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். நல்ல பெண். என்னைக் 'கல்யாணி ஜி' என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அவளும் பயந்தவள். என் தமிழை ஓகே செய்வது அவள் பொறுப்பு, அவளுக்கோ தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆகவே கழுத்தைச் சாய்த்து, பெண்பார்க்க வந்தவள் மாதிரி பார்ப்பாள். செய்திப் பெட்டிக்குள் அடங்கியிருக்கிறதா? இரண்டு வரியும் சமமாக நிற்கிறதா? சுழியெல்லாம் அழகாக வந்திருக்கிறதா? 'பஹுத் சுந்தர், கல்யாணி ஜி' என்பாள், ரொம்ப அழகாம். அது போய்ச் சேரும் வாடிக்கையாளர் கம்பெனியிலும் அப்படியே பார்த்து ஓகே செய்வார்கள். என் எழுத்தை வடிவத்துக்காக இத்தனை பேர் ரசித்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

வேலை ஆறு மாதச் சோதனையில் இருந்தது. அந்தச் சோதனையின் முடிவில் எங்கள் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது. முருகேசனுக்கு நாக்பூருக்கு மாற்றல் வரும் என்று வதந்தி. வந்தால் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலிசெய்யவேண்டும். என் வேலை நிலைத்தால் நானும் மகள் அபியும் மயூர் விஹாரில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு, அவள் பிளஸ் டூ முடியும்வரை டெல்லியிலேயே இருக்கலாம். நிலைக்காவிட்டால் அபி நடுவருடத்தில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாக்பூர் போகவேண்டும். அவள் ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினாள். "அம்மா, உன்னோட ஜாப் பக்கா ஆயிடும்ல?" நான் பெரிய மனுஷிபோல் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் அன்றிரவு முழுக்க என் கழுத்தில் வலித்தது.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

வீட்டு வாசலில் பாலும் காய்கறியும் கொண்டுவந்து போடும் ஒரு கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். திங்கட்கிழமை காலையில் கோயம்புத்தூர் முழுக்க அவர்களுடைய செய்தி போகவேண்டும். இந்தி வரி வந்திருந்தது: 'தர்வாஜா கோலியே, தாஜ்கீ ஆயீ ஹை.' கதவைத் திறங்கள், புத்துணர்ச்சி வந்திருக்கிறது. (புத்துணர்ச்சி வாசலில் வந்து நின்றால் எந்தக் கோயம்புத்தூர்க்காரர் திறப்பார்? யாருங்க வேணும் என்று ஜன்னல் வழியாகத்தான் கேட்பார்.) வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் பெட்டிக்கு வெளியே வழிந்தது.

"தமிழ் இத்னி லம்பி க்யோன் ஹை, கல்யாணி ஜி?" என்று நேஹா அழாக்குறையாகக் கேட்டாள். தமிழ் ஏன் இவ்வளவு நீளம் என்று இரண்டாயிரம் வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. "இப்போதைக்கு ஏதாவது எழுதிப் போடுங்க. எழுத்து எப்படி உட்காருதுன்னு பார்க்கணும். குச் பீ!"

குச் பீ. எதுவானாலும். ஒரு கவிதைக்காரியிடம் சொல்லக்கூடாத சொல்.

அன்று காலை மெட்ரோவில் ஜனவரி மூடுபனியைப் பார்த்துக்கொண்டே வந்தபோது ஒரு வரி என்னோடு ஏறியிருந்தது. பனி ஒரு வீட்டைப் பார்த்துப் பேசுவதாக ஒரு கவிதை. பனி சொல்கிறது: 'கதவைத் திறக்காதே. நான் வந்துகொண்டிருக்கிறேன்.' அதைத்தான் அடித்தேன். இரண்டு வரியும் தாலாட்டுப்போல் பெட்டிக்குள் படுத்தன. நேஹா கைதட்டினாள். "பர்ஃபெக்ட்! இதே சைஸ்ல ஃபைனல் குடுங்க."

கொடுத்திருப்பேன். அந்த நேரம் பார்த்து முருகேசன் போன். "அம்மிணி, ஆர்டர் வந்திருச்சு. நாக்பூர்தான்."

அதற்குப் பிறகு நான் பையை எடுத்தது, கார்டைக் காட்டியது, படியிறங்கியது எதுவும் எனக்கு நினைவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் நாக்பூர், நாக்பூர் என்ற ஒரே ஊர்தான் இருந்தது. பெட்டிக்குள் ஒரு வரியைத் தூங்கவைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது ஒரு தடவைகூட என் மண்டையில் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை. பதினொரு மணிக்கு மீட்டிங். என் வேலையின் தலையெழுத்து அதில்தான். ஐ.என்.ஏ.யில் பெண்கள் பெட்டியில் ஏறி, சாய்ந்து நிற்க ஒரு கம்பி பிடித்தபோது போன் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து என் நாத்தனார் சரோஜா. முருகேசனின் தங்கை. அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அண்ணி... சத்தமாப் பேச முடியாதுங்க. கதவெல்லாம் சாத்திப்போட்டு உள்ரூம்ல உக்காந்திருக்கறேன்."

"என்னாச்சு சரோஜா?"

"காத்தால போன்ல ஒண்ணு வந்துச்சுங்க அண்ணி. பால்காரங்க பேர்லயே வந்திருக்குது. படிக்கட்டுங்களா? 'கதவைத் திறக்காதே. நான் வந்துகொண்டிருக்கிறேன்.'"

ரயில் ஆடவில்லை, நான் ஆடினேன்.

"பால்காரன் எதுக்குங்க கதவத் தொறக்காதேங்கறான்? தொறக்காதேன்னா, அப்பறம் எப்படீங்க வருவான்? எந்த வழியா வருவான்?" சரோஜாவின் மூச்சு என் காதில் இரைந்தது. "அவரு வேற திருப்பூர் போயிட்டாருங்க. இப்ப வாசல்ல ஆரோ பெல் அடிக்கறாங்க அண்ணி. அடிச்சுட்டே இருக்கறாங்க..."

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அந்தப் பயங்கரத்தின் நடுவில், ஒரு கணம், ஒரே கணம், எனக்குள் ஒரு பூ பூத்தது. என் வரியை ஒருத்தி முழுமனதோடு வாசித்திருக்கிறாள். சொல்லுக்குச் சொல் நின்று யோசித்திருக்கிறாள். 'எந்த வழியா வருவான்' என்பதுதான் அந்தக் கவிதையின் அடுத்த வரியாக இருந்திருக்கவேண்டும், எனக்குத் தோன்றவில்லை. பூத்த வேகத்தில் அந்தப் பூ கருகியது. ஏனென்றால் இது சரோஜாவுக்கு மட்டும் போன செய்தி இல்லை. கோயம்புத்தூர் முழுக்கப் போயிருக்கிறது.

"அது... கம்பெனில ஏதோ தப்பா அனுப்பியிருப்பாங்க சரோஜா," என்றேன். (கம்பெனி என்றால் உன் அண்ணி என்று சொல்லும் தைரியம் வரவில்லை.) "பெல் அடிக்கறது பால்காரர்தான். திற."

"நீங்க டெல்லில இருந்துட்டு ஈசியாச் சொல்றீங்க," என்று வைத்துவிட்டாள்.

ரயில் சுரங்கத்தை விட்டு மேலேறிக் கன்டோன்மென்ட் பக்கம் வந்தபோது ஊரே இல்லை. வெள்ளை. மரம் இல்லை, சாலை இல்லை, கட்டடங்களின் தலை மட்டும் அங்கங்கே மிதந்தது. பனி என்னைப் பார்த்துக்கொண்டே வந்தது. நான் அதன் வாயில் போட்ட சொல்லை அது கோயம்புத்தூருக்கே எடுத்துப்போய்ச் சொல்லிவிட்டு, இப்போது கணக்குத் தீர்க்கத் திரும்பி வருவதுபோல் இருந்தது. நாக்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலில் அபி தனியாக நிற்பது தெரிந்தது. ராஜௌரி கார்டனில் ரயில் மாறவேண்டும். மாறினேனா என்று தெரியாது, எப்படியோ ஜனக்புரியில் இருந்தேன்.

கண்ணாடிக் கதவின் முன் நின்றேன். கார்டைக் காட்டக் கை வரவில்லை. உள்ளே எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். சரி, நின்றபடிதான் சொல்லி அனுப்புவார்கள்போல என்று நினைத்துக்கொண்டு உள்ளே காலை வைத்தேன்.

கைதட்டினார்கள்.

சுவர்த் திரையில் கோயம்புத்தூரின் எண் கூரையைப் பிய்த்துக்கொண்டு நின்றது. அந்தக் கம்பெனியில் யாருடைய வரியையும் அத்தனை பேர் தொட்டுத் திறந்ததில்லையாம். நேஹா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "கல்யாணி ஜி! கமால் கர் தியா! என்ன எழுதினீங்க?"

திட்டியிருந்தால் அழுதிருப்பேன், அழுதால் பாரம் குறைந்திருக்கும். கைதட்டல்தான் முதுகுத்தண்டில் ஐஸ்கட்டிபோல் இறங்கியது. இவர்களுக்கு இன்னும் தெரியாது. தெரியாதவரை நான் ராணி. தெரிந்த நிமிஷம்? ஒரு குரல் சொன்னது, 'இங்கே யாருக்கும் தமிழ் தெரியாது, சும்மா இரு.' அந்தக் குரல் என் குரலைப்போலவே இருந்தது.

பதினொரு மணி. திரையில் குர்கானிலிருந்து மல்ஹோத்ரா வந்தார், பால்-காய்கறிக் கம்பெனியின் பெரிய ஆள். மீசைக்குக் கீழே சிரிப்பு. "யார் அந்தத் தமிழ் மேடம்? அந்த வரியை எனக்கு இந்தியில சொல்லுங்க, கேட்கிறேன்."

அறையே என் பக்கம் திரும்பியது. பொய் தயாராகத்தான் இருந்தது: 'கதவைத் திறங்கள்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் என் இந்தி, பயம் வந்தால் பாடமாகிவிடும். எழுதியிருப்பதை அப்படியே ஒப்பிக்கும். "தர்வாஜா மத் கோலியே. மே(ன்) ஆ ரஹீ ஹூ(ன்)," என்றேன். 'கூடாது' என்று பொருள்படும் 'மத்' என்ற அந்த ஒற்றைச் சொல்லை விழுங்கியிருக்கலாம். வாய் விழுங்கவில்லை.

நான் நாக்பூரில் சாமான்களை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டேன்.

மல்ஹோத்ரா கண்ணை மூடியிருந்தார். "வாஹ்," என்றார் மெல்ல. "நீங்க எழுந்து வராதீங்க, கதவைக்கூடத் திறக்காதீங்க, நானே வர்றேன். கியா பாத் ஹை! இது விளம்பரம் இல்லை, தாயோட மனசு." கண்ணைத் திறந்தார். "நேஹா, நாளைக் காலை இதை எல்லா மொழியிலயும் போடுங்க. டெல்லியில முதல்ல."

எல்லா மொழியிலும். எனக்குக் கண்முன் விரிந்தது. கிட்வாய் நகரின் ஒவ்வொரு கதவு. மயூர் விஹாரின் ஒவ்வொரு மாடி. பனி இறங்கிய ஒவ்வொரு தெருவிலும் யாரோ ஒரு சரோஜா தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ரூமில் உட்கார்ந்திருக்கிறாள், பெல் அடித்துக்கொண்டே இருக்கிறது. சம்பளம், குவார்ட்டர்ஸ், அபியின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பெல் சத்தத்துக்குள் போய்விட்டன. நான் எழுந்தேன். (வீரம் இல்லை. கால் தானாக எழுந்தது, உட்கார்ந்தபடி நடுங்க இடம் போதவில்லை.)

"சார், யே... யே டராவ்னா ஹை." இது பயமுறுத்தும் வரி.

"டராவ்னா?" மல்ஹோத்ரா சிரித்தார். "எங்களுக்கு அப்படித் தோணலையே. தமிழ்ல அப்படியா?"

"தமிழ்ல ரொம்ப, சார். என் நாத்தனார் கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருக்கா."

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய இன்னொரு போன் அடித்தது. எடுத்தார். கேட்டார். மீசை கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்தது. கோயம்புத்தூரிலிருந்து. யாரும் கதவைத் திறக்கவில்லையாம். பால் பாக்கெட்டெல்லாம் வாசல் வாசலாக வெயிலில் கிடக்கிறதாம். சிங்காநல்லூரில் ஒரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் டெலிவரிக்காரரை ஜன்னல் வழியாக நிறுத்திவைத்து, சொந்த ஊர் எது, தகப்பனார் பெயர் என்ன என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாராம்.

"இதை யார் ஓகே பண்ணினது?" என்றார்.

நேஹா மெல்லச் சொன்னாள்: டிசைன் செய்தவன் ஓகே செய்தான். பெட்டியில் இருந்ததையே ஃபைனல் என்று நினைத்து அவள் ஓகே செய்தாள். பிறகு சார், உங்கள் ஆபீசில் ஓகே செய்தார்கள்.

"ஹம்னே பீ? நாங்களுமா?"

"நீங்களேதான் சார். 'ரொம்ப அழகா இருக்கு'ன்னு எழுதியிருந்தீங்க."

அதன்பிறகு யாரும் யாரையும் திட்டவில்லை. எல்லாரும் அதே வரியின் அழகில் மயங்கியவர்கள். என் தலை உருண்டால் அவர்கள் தலையும் பக்கத்தில் உருளவேண்டியிருக்கும். அதைவிட அவசரம், உடனே மன்னிப்புச் செய்தி போகவேண்டும், தமிழில். அதை எழுத அங்கே ஒருத்திதான் இருந்தாள்.

எழுதினேன். பின்னால் அலுவலகமே நின்று என் விரலைப் பார்த்தது. ஒவ்வொரு எழுத்தும் திரையில் விழும்போது யாரோ ஒருவர் எச்சில் விழுங்குவது கேட்டது. "இது நல்ல தமிழ்தானே, கல்யாணி ஜி? கசம் ஸே?" என்றாள் நேஹா. சத்தியமாக நல்ல தமிழ் என்றேன். 'காலையில் வந்த செய்தி தவறானது. கதவைத் திறக்கலாம். வாசலில் நிற்பது நாங்கள்தான்.' அனுப்பினோம். அனுப்பியதும் எல்லாரும் நாற்காலி மூட்டைகளில் விழுந்தோம்.

என் போன் அடித்தது. சரோஜா. குரல் இப்போது கிணற்றுக்கும் கீழே.

"அண்ணி... மறுபடி வந்திருக்குதுங்க. இப்ப கதவைத் தொறக்கலாம்ங்கறான். வாசல்ல நிக்கறது நாங்கதாங்கறான். மொதல்ல ஒருத்தன்னு நெனச்சேன், இப்ப 'நாங்க'ங்கறான்!"

"சரோஜா, இது நிஜம். நம்பித் திற."

"அதத்தான அண்ணி அவனும் சொல்லுவான்!"

அன்று சரோஜாவின் வீட்டுக் கதவு, சாயந்திரம் திருப்பூரிலிருந்து அவள் வீட்டுக்காரர் வந்து, ஜன்னலருகே நின்று, கல்யாணத்தில் அவள் கட்டியிருந்த கூறைப்புடவையின் நிறத்தைச் சரியாகச் சொன்ன பிறகுதான் திறந்தது. (முதலில் தப்பாகச் சொன்னாராம். அது வேறு சண்டை.)

எனக்கு வேலை நிலைத்தது. ஒரு நிபந்தனையோடு. இனி எந்தத் தமிழ் வரியும் போவதற்கு முன், தமிழ் படிக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவர் படித்து ஓகே சொல்லவேண்டும். "உங்க வீட்ல யாராவது இருக்காங்களா?" என்றாள் நேஹா, கெஞ்சலாக. அபிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. டெல்லியில் பிறந்தவள். மிச்சம் ஒரே ஆள்தான்.

ஆகவே, நாக்பூரில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒரு மத்திய சர்க்கார் ஊழியர் இன்றைக்கும் என் ஒவ்வொரு வரியையும் போனில் படித்து அனுமதி தருகிறார். ஷாம்பு, மிக்ஸி, ஆடித் தள்ளுபடி எல்லாவற்றுக்கும் அவர் கைப்பட ஒரே குறிப்பு: 'பார்வையிடப்பட்டது. அச்சமூட்டும் அம்சம் ஏதும் இல்லை.' என் புத்தகத்தை ஒருமுறைகூடத் திறக்காத மனிதர், இப்போது ஒரு வார்த்தை விடாமல் என்னைப் படிக்கிறார். சில நாள், இதில் கொஞ்சம் அச்சம் இருந்திருக்கலாம் என்று எனக்கு வருத்தமாகக்கூட இருக்கிறது.

நானும் அபியும் மயூர் விஹாரில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். முருகேசன் லீவில் வரும்போதெல்லாம் லிஃப்டில் ஏறியதும் போன் செய்வார். "அம்மிணி, கதவத் தொறக்காதே. நான் வந்துட்டிருக்கறேன்." சரோஜாவிடம் உண்மையைச் சொன்னது அவர்தான். அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசியபோது முதல் கேள்வி, "அண்ணி, அந்தக் கவிதையில கடைசில அவன் உள்ள வந்தானா இல்லீங்களா?"

அபிதான் அதற்கெல்லாம் மேலே போனாள். எத்தனையோ வருடம் கெஞ்சியும் தமிழ் எழுத்தைத் தொடாதவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த லைன் எப்படி எழுதறது?" என்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக எழுதி, வெளிக்கதவில் ஒட்டிவிட்டாள். 'கதவைத் திரக்காதே. நான் வந்துகொன்டிருக்கிறேன்.' இரண்டு எழுத்துப் பிழை. திருத்த எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் செக்யூரிட்டி பையா பார்சல் கொடுக்க வந்தவர் அதையே கொஞ்ச நேரம் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பஹுத் சுந்தர் லிகா ஹை, மேடம். இதுக்கு என்ன அர்த்தம்?"

"நல்வரவு," என்றேன்.